ஒரே இலக்கத்தில் போச்சே!

கணிதம் என்றதும் பலருக்குப் பள்ளிக்கூடக் கரும்பலகையும் தேர்வுத் தாளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சிங்கப்பூரில் புதன், சனி, ஞாயிறு மாலைகளில் காப்பிக்கடை மேசைகளில் நடப்பதும் கணக்குதான். நான்கு இலக்கச் சீட்டைக் கையில் பிடித்தபடி, “3718 வாங்கினேன், 3719 விழுந்துவிட்டது. ஒரே இலக்கத்தில் போச்சே!” என்று அங்கலாய்ப்பவரை எந்தப் பேட்டையிலும் பார்க்கலாம். அடுத்த குலுக்கலில் அவர் இரட்டிப்பாகக் கட்டுவார். அதிர்ஷ்டம் நெருங்கி வந்துவிட்டதாம்.

உண்மையிலேயே நெருங்கி வந்ததா? 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு. ஓர் எண்ணில் ஏதாவது ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றினால் 36 வேறு எண்கள் கிடைக்கும். நான்கு இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் ஒன்பது மாற்றங்கள். 23-ஐ 36-ஆல் பெருக்கினால் 828. ஆக, ஒருவர் எந்த எண்ணை வாங்கினாலும், அது ஏதோ ஒரு பரிசு எண்ணுக்கு ஓர் இலக்கம் தள்ளி நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டு. வாரம் மூன்று குலுக்கல் என்றால், ஏறக்குறைய மாதம் ஒருமுறை “கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை” என்று புலம்பலாம். மூன்று நான்கு எண்கள் கட்டுபவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்!

“ஆறு மாதமாக வராத எண் இனி வந்தே தீரும்” என்பார் ஒருவர். “போன வாரம் விழுந்தது, இந்த வாரம் விழாது” என்பார் இன்னொருவர். குலுக்கல் பந்துகளுக்கு ஞாபகசக்தி கிடையாது. விபத்தில் சிக்கிய காரின் எண், கனவில் தாத்தா சொன்ன எண் எல்லாவற்றுக்கும் முதல் பரிசுக்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான்.

இனி பணம். ‘பிக்’ முறையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,000 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. அடுத்து 250 வெள்ளிப் பரிசுகள் பத்து, 60 வெள்ளி ஆறுதல் பரிசுகள் பத்து. பத்தாயிரம் எண்களையும் ஒருவரே தலா ஒரு வெள்ளிக்கு வாங்கினாலும் கைக்கு வருவது 6,590 வெள்ளி. அதாவது, கட்டும் ஒவ்வொரு வெள்ளியிலும் சராசரியாக 34 காசு திரும்புவதில்லை.

குலுக்கலுக்கு ஐந்து வெள்ளி என்பது சிறிய தொகையாகத்தான் தெரியும். ஆண்டுக்கு அது 780 வெள்ளி. சராசரி இழப்பு 266 வெள்ளி. பரிசு விழுந்த நாளை வீடே நினைவில் வைத்திருக்கிறது. ஐந்து ஐந்தாகப் போன பணத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால்தான் “நமக்கு அப்பப்போ அடிக்கும்” என்ற எண்ணம் அசையாமல் நிற்கிறது.

ஒரே எண்ணை விடாமல் கட்டி வந்தால்? ஆண்டுக்குச் சுமார் 156 குலுக்கல். பத்தாயிரம் குலுக்கல் முடிய 64 ஆண்டுகள் ஆகும். இருபத்தைந்து வயதில் தொடங்கியவருக்கு அப்போது வயது 89. அத்தனை காலம் கட்டிய பிறகும், அப்படிப்பட்ட நூறு பேரில் ஏறக்குறைய 37 பேருக்கு அந்த முதல் பரிசு ஒருமுறைகூட விழுந்திருக்காது.