கூட்டாண்மைப் பத்திரம்: கையெழுத்துக்கு முன் நமக்கென ஒரு வழக்கறிஞர்

கொடைக்கானல் மலைச்சாலையின் அடிவாரத்தில் இருக்கும் வத்தலக்குண்டு போன்ற சந்தை ஊரில், கடையோ உணவகமோ வாடகை ஊர்தியோ தொடங்குபவர்கள் பலரும் கூட்டுச் சேர்கிறார்கள். ஒருவர் பணம் போடுவார், மற்றவர் உழைப்பார். அந்த மற்றவர் தலித்தாக இருந்தால் அவருடைய சாதிச் சான்றிதழும் முதலீடாகிவிடுகிறது.

காரணம் உண்டு. ஒன்றிய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்கிறது. கூட்டாண்மை நிறுவனமாயின் அவர்களின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. 2016இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்ட் அப் இந்தியா கடன் திட்டத்தின் விதியும் இதே 51 விழுக்காடாகத்தான் இருந்தது. தாளில் 51 என்று எழுதிவிட்டுக் கல்லாப்பெட்டியை வேறொருவர் வைத்துக்கொள்ளும் ஆபத்து இங்கேதான் பிறக்கிறது.

1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் என்ன சொல்கிறது? கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் படியெடுக்கவும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் உரிமை உண்டு என்கிறது பிரிவு 12. இலாபம் சமமாகப் பிரியும் என்கிறது பிரிவு 13. ஆனால் இரண்டும் கூட்டாளிகளின் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. பத்திரத்தின் ஒரு வரி அவற்றை மாற்றிவிடும். பிரிவு 25 அத்தகையதன்று. நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பாவார். கூட்டாளிகள் தமக்குள் என்ன எழுதிக்கொண்டாலும், கடன் கொடுத்தவர் முழுத்தொகையையும் எவரிடமும் கேட்கலாம். உரிமையை எழுதிப் பறிக்கலாம். பொறுப்பை எழுதி நீக்க முடியாது. பெயரை மட்டும் கொடுத்தவருக்கு இறுதியில் மிஞ்சுவது கடனே.

ஆகவே பணம் போடுபவர் அழைத்துவரும் வழக்கறிஞரை மட்டும் நம்பிக் கையெழுத்திடலாகாது என்கிறோம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் பிரிவு 12, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்களாக்குகிறது. சட்ட ஆலோசனையும் சட்டப் பணியே என்பது அச்சட்டத்தின் வரையறை. வத்தலக்குண்டுக்காரர்கள் திண்டுக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி ஆலோசனை கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பத்திரம் எழுதத் தனியாக வழக்கறிஞரை அமர்த்தினால், கட்டணத்தை முன்பே பேசி முடிக்க வேண்டும்.

வரைவைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்க வேண்டியவை இவை: வங்கிக் கணக்கை இயக்க யார் கையொப்பம் தேவை? கணக்கைப் பார்க்கும் உரிமை காக்கப்பட்டிருக்கிறதா? ஒருவர் விலகினால், இறந்தால் பங்கு என்னவாகும்? 2008ஆம் ஆண்டுச் சட்டப்படியான வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை நமக்குப் பொருந்துமா?

பத்திரத்தோடு வேலை முடிவதில்லை. நிறுவனங்களின் பதிவாளரிடம் பதிவு செய்யாத நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள்மீது வழக்குத் தொடரப் பிரிவு 69 தடை விதிக்கிறது. ஒப்பந்த உரிமைக்காகக் கூட்டாளிமீது கூட்டாளி வழக்குத் தொடரவும் அத்தடை உண்டு. கடையைத் திறக்கும் முன்பே பதிவை முடித்து, பத்திரத்தின் சான்றிட்ட நகலொன்றை நம் வீட்டில் வைத்துக்கொள்வோம்.