ஓட்டத்திற்கு ஒரு துணை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

“நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை” என்பது நாமெல்லாம் அறிந்த பழமொழி. வேலை இல்லாத காரணத்தால்தான் அதற்கு நிற்க நேரமில்லை என்பதை நான் உணர ஓராண்டு ஆயிற்று. துடிப்பான இளம் நாய் ஒன்றை ஓட்டத் துணையாகப் பழக்கிய என் அனுபவத்தையும், அதில் நான் செய்த ஒரு பெரும் பிழையையும் மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம். அய்யா ஆடு மேய்ப்பவர். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். செவலை எங்களிடம் வந்தபோது அதற்கு வயது இரண்டு மாதம். சிப்பிப்பாறை இரத்தம் கலந்த நாட்டு நாய். நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு. ஒன்பதாம் மாதத்தில் அது கட்டில் கயிற்றைக் கடித்தது. அம்மாவின் தண்ணீர்க் குடத்தை உருட்டியது. ஆட்டுக் குட்டிகளை விரட்டியது. “நான் ஆட்டை மேய்க்கவா, நாயை மேய்க்கவா? யாருக்காவது குடுத்துருய்யா” என்றார் அய்யா. நான் தவணை கேட்டேன். கல்லூரி விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட விரும்பிய எனக்கும் ஒரு துணை தேவையாக இருந்தது.

ஓடப் பிறந்த உடல்

நாம் உள்ளங்காலை ஊன்றி நடக்கிறோம்; நாயோ விரல்களை மட்டுமே ஊன்றி நடக்கும் விலங்கு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் நாற்கால் பாய்ச்சலில் ஓடும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பிவிடுகின்றன. இவை மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுபவை. ஓடும் பொருள் எதுவாயினும் துரத்தத் தோன்றுவது அவற்றின் குற்றமன்று, இயல்பு.

ஆயினும் குட்டியை நெடுந்தூரம் ஓட்டுதல் தவறு. கால் எலும்புகளின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடிக் கெட்டிப்பட நடுத்தர நாய்களுக்குச் சுமார் ஓராண்டும், பெரிய இனங்களுக்கு ஒன்றரை ஆண்டும் ஆகும். அதுவரை நடையும் தானாக ஆடும் விளையாட்டுமே போதும். எனவே செவலைக்கு நான் முதலில் கற்பித்தது ஓட்டம் அன்று, நடை.

பழக்கும் முறை

கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சைச் சுற்றி வரும் பட்டையே ஓட்டத்திற்கு நல்லது. இழுத்தாலும் குரல்வளை நெரியாது. நாய் எப்போதும் நம் இடப்பக்கம் வரவேண்டும். கயிற்றை அது இழுத்தால் மரம்போல் நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்தால் நடக்க வேண்டும். இழுத்தால் பயணம் இல்லை என்பது மெல்ல விளங்கிவிடும். முதல் நாள் எங்கள் தெருவைக் கடக்கவே இருபது நிமிடம் ஆயிற்று! திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் சிரிப்பு நின்றது.

சரியாகச் செய்த அந்த நொடியிலேயே பரிசு கிடைக்க வேண்டும். நான் வேகவைத்த முட்டைத் துண்டுகளை வைத்திருந்தேன். செரிமான ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லோவ், உணவோடு தொடர்ந்து இணைக்கப்படும் ஒலிக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்று காட்டியதை நாம் படித்திருக்கிறோம். “சபாஷ்” என்ற சொல்லே எனக்கு அந்த மணியோசையாயிற்று. அடித்துப் பழக்கினால் நாய் அடிப்பவனை மட்டுமே நினைவில் கொள்ளும்.

ஆடுகளைத் துரத்தும் பழக்கத்தை மாற்றத் தூரமே மருந்து. மந்தைக்கு நூறு அடி தள்ளி நிற்பேன். செவலை ஆட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் பரிசு. நாள்தோறும் சில அடிகள் நெருங்கினோம். இரண்டு மாதத்தில் மந்தை நடுவே என்னோடு நடந்து வந்தது. அய்யா ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்துவிடு என்பதையும் சொல்லவில்லை.

ஓராண்டு நிறைந்த பின்பே ஓட்டம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை எனப் பதினைந்து நிமிடம். ஒருநாள் விட்டு ஒருநாள். வாரந்தோறும் ஓட்டத்தைச் சிறிது கூட்டி, நடையைக் குறைத்தேன். இரண்டு மாதத்தில் மூன்று கிலோமீட்டர் சேர்ந்து ஓடினோம்.

என் பிழை

மார்ச் மாதம் ஒருநாள் செய்முறைப் பதிவேடு எழுதிவிட்டுத் தூங்கியதால் விழிக்கத் தாமதமாகிவிட்டது. விளையாட்டு விழா நெருங்கியதால் ஒன்பது மணி வெயிலில் கிளம்பினேன். இரண்டாவது கிலோமீட்டரில் கயிறு முதன்முறையாகப் பின்னோக்கி இறுகியது. கயிற்றை இழுக்கக் கூடாதென்று அதற்குக் கற்பித்த நான், அன்று இழுத்தேன். இன்னும் சிறிது தூரம் வந்து செவலை தள்ளாடி விழுந்தது. நாக்கு கருஞ்சிவப்பு, வாயில் கெட்டியான எச்சில்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியில் மேய்த்துக்கொண்டிருந்த அய்யா என் கையிலிருந்து வாங்கி, பம்புசெட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார், துண்டால் விசிறினார். பிறகுதான் கால்நடை மருந்தகம். முதலில் குளிர்வித்ததால்தான் பிழைத்தது என்றார் மருத்துவர்.

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை; பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். இளைப்பதன் மூலமே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 106 என்பது உயிருக்கு ஆபத்து. இவையனைத்தையும் தேர்வில் எழுதி, பத்துக்கு எட்டு மதிப்பெண் பெற்றவன் நான்! எழுத்தறியாத அய்யாவின் கைக்குத் தெரிந்திருந்தது. என் ஏட்டில் மட்டுமே இருந்தது.

நினைவில் கொள்ள

சூரியன் எழுமுன் ஓடுக. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. உணவுக்குப் பின் இரண்டு மணி நேரமாவது ஓட வேண்டாம். ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். மயங்கிக் கிடக்கும்போது வாயில் புகட்டாதீர்கள். ஓட்டம் முடிந்ததும் பாதங்களில் கருவேல முள் உள்ளதா எனப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்திலும் பின்னர் ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள்.

விளையாட்டு விழாவில் நான் ஐந்தாவதாகவே வந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு மாத ஓய்வுக்குப் பின் செவலை மீண்டும் என்னோடு ஓடுகிறது. நான் கல்லூரிக்கு வந்த பிறகு அய்யாவோடு மந்தைக்குப் போகிறது. இப்போது அதற்கு வேலையும் உண்டு. நிற்க நேரமும் உண்டு.

இருவர் சேர்ந்து ஓடும்போது, களைத்தவரின் வேகமே இருவரின் வேகம். நாயிடமிருந்து நான் கற்ற பாடம் இதுவே.