முட்டுக்கட்டை

“மரக்கட்டை மாதிரி நிற்கிறாயே!” என்று ஏச்சு வாங்காதவர் நம்மில் எவரும் இரார். உணர்வற்றுக் கிடக்கும் பொருளுக்கு நாம் வைத்திருக்கும் உவமை கட்டை. ஆனால் அந்தக் கட்டையை நம்பித்தான் எத்தனை தொழில்கள் நடக்கின்றன! கொத்தனார் சுவர்ப்பூச்சைத் தேய்த்துச் சமன் செய்வது மணியாசக் கட்டையால். இறைச்சிக் கடையில் கத்தியின் வெட்டைத் தாங்குவது புளியங்கட்டை. பாடகரின் சுருதியை ஒரு கட்டை, ஐந்து கட்டை என்கிறோமே, அது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்த வழக்கு. ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட நாள்களில், இத்தகைய கல்லூரி மலர்களில் வந்த புகைப்படங்களும் கட்டை மீது ஏறி வந்தவையே. அமிலத்தால் படம் அரித்தெடுத்த துத்தநாகத் தகட்டை மரக்கட்டையில் பொருத்தி, அச்செழுத்தின் உயரமான 0.918 அங்குலத்துக்குச் சரியாக நிறுத்துவார்கள். சற்றே தாழ்ந்தால் போதும், முதல்வர் ஐயாவின் முகமே மங்கிவிடும்!

இவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விழைகிறேன். அதுதான் முட்டுக்கட்டை. “வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை” என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. மேடைப் பேச்சாளர்களும் முழங்குகிறார்கள். நல்லதைத் தடுப்பது என்ற பொருளில்தான் இன்று அச்சொல் வழங்குகிறது. இது அநியாயம் என்பது என் கருத்து. என் தந்தையார் எங்கள் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர்களில் ஒருவர் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. இயற்பியல் மாணவன் என்ற முறையிலும் சொல்கிறேன்.

தேரை இழுக்க வடம் உண்டு. ஆனால் வடம் முன்னே இழுக்குமே தவிர, தேரைத் திருப்பாது, நிறுத்தவும் செய்யாது. மாட்டு வண்டிக்காவது மூக்கணாங்கயிறு இருக்கிறது. தேருக்கு அதுவும் இல்லை. அதன் அச்சுகள் இப்புறமும் அப்புறமும் திரும்பாதவை. அப்படியானால் தெருமுனையில் தேர் எவ்வாறு திரும்புகிறது?

வலச் சக்கரத்தின் முன் கட்டையை இட்டால் அந்தச் சக்கரம் தயங்கும். இடச் சக்கரமோ தொடர்ந்து உருளும். எனவே தேர் வலப்புறம் திரும்பும். பரிசலில் ஒரு பக்கம் துடுப்பை ஊன்றினால் அந்தப் பக்கமே திரும்புகிறதல்லவா, அதைப் போலத்தான். கோயிலைத் தேர் வலமாகச் சுற்றுவதால் நான்கு முனைகளிலும் திருப்பம் வலப்பக்கமே. இடப்பக்கத்தார் சும்மா இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். நேர்வீதியில் தேர் வலப்பக்க வீடுகளின் மீது சாயாமல் காப்பது அவர்கள் பொறுப்பு.

கட்டையின் வடிவமும் கவனிக்கத்தக்கது. அடிப்பாகம் தட்டை, சக்கரத்தை நோக்கிய முகம் சரிவு, தள்ளி நின்று செலுத்த நீண்ட கைப்பிடி. சரிவுக்குப் பதிலாகச் செங்குத்தான முகம் இருந்தால் சக்கரம் சட்டென்று நின்றுவிடும்; ஆனால் தேரின் உச்சி நிலைமத்தால் முன்னோக்கி ஆடும். சரிவான முகத்தில் சக்கரம் சிறிது ஏறுகிறது. அப்போது தேரின் பாரத்தில் ஒரு பகுதி கட்டையையே தரையோடு அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும் என்பது முதலாண்டுப் பாடம். கட்டை தேய்ந்துகொண்டே நகர, வேகம் படிப்படியாகக் குறைகிறது. தேரின் ஆற்றல் வெப்பமாக மாறுவதை மூக்கே சொல்லிவிடும்: கருகிய புளியமர வாடை!

திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்த நிலையில் 96 அடி உயரம். எடை ஏறத்தாழ 300 டன். திருச்சி பெல் நிறுவனத்தார் அதற்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆயினும் முட்டுக்கட்டை போடுபவர்களுக்கு அங்கு வேலை ஒழியவில்லை. பிரேக் நிறுத்தும், ஓரடி இப்படி, ஓரடி அப்படி என்று ஒதுக்கிவிடக் கட்டைதான் வேண்டும்.

வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருக்கலாம். கட்டை போடுபவர் ஒரு சிலரே. அவர்கள் நிற்பது சக்கரத்துக்கு இரண்டு முழ தூரத்தில். கூட்டம் பின்னிருந்து நெருக்கினால் ஒதுங்க இடமில்லை. கட்டை தெறித்தால் கால் போகும், உயிரும் போகும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். “இந்தக் கட்டையை நீ தொடாதே, படி” என்று தந்தையார் சொன்னதன் காரணம் இதுவே. உராய்வு விதியை நான் அவருக்கு விளக்கியபோது, “சக்கரம் ஏறும் சத்தத்திலேயே தெரியுமடா” என்று சொல்லிவிட்டார்.

தேர் நிலைக்கு வந்ததும், எல்லாச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே வடத்தைச் சுருட்டுவார்கள். அந்தக் கட்டைகள் அடுத்த திருவிழா வரை அங்கேயே கிடக்கும்.