பாக்ஸ் வந்த பிறகு வயருக்குள் என்ன மாறியது?

அரசு கேபிள் 2017 செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியபோது, பல வீடுகளில் வயரை யாரும் மாற்றவில்லை. மொட்டைமாடியிலிருந்து இறங்கி ஜன்னல் இடுக்கில் நுழையும் அதே பழைய கறுப்பு வயர்தான். டிவிக்குப் பின்னால் செருகியிருந்ததைப் பிடுங்கி பாக்ஸில் செருகினார்கள், வேலை முடிந்தது. ஆனால் அந்த வயருக்குள் ஓடியது அடியோடு வேறாகிவிட்டது. சேனல் எண்ணிக்கை கூடியதும், மாதக் கட்டணக் கணக்கு மாறியதும், மழைக்காலத்தில் படம் கெடுகிற விதமே மாறியதும் அதனால்தான்.

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் தொடங்கப்பட்டது. சில காலம் முடங்கிக் கிடந்து, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் கட்டணத்தில் மறுபடி உயிர்பெற்றது. அப்போது ஓடியது முழுக்க அனலாக். அதே ஆண்டு டிசம்பரில் கேபிள் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியது. நாடு முழுவதும் கேபிள் ஒளிபரப்பு நான்கு கட்டமாக டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்று ஆனது. முதல் கட்டமான நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 வரை கெடு. சென்னையில் மட்டும் வழக்குகளால் அது இழுத்தடித்தது. கடைசிக் கட்டமான சிற்றூர்களுக்கும் கிராமங்களுக்கும் தள்ளித் தள்ளி 2017 மார்ச் 31 என்று வந்து நின்றது. மாநில அரசுகள் ஒளிபரப்பு விநியோகத்தில் இறங்கக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் பரிந்துரை. அதனால் டிஜிட்டல் உரிமம் கேட்ட அரசு கேபிள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 2017 ஏப்ரலில்தான் அதைப் பெற்றது. சுமார் 70 லட்சம் இணைப்புகள் இருப்பதாக அந்த நிறுவனம் சொல்லிவந்தது. அத்தனை வீட்டுக்கும் பாக்ஸ் போய்ச் சேர வேண்டும்.

அனலாக்கில் என்ன குறை? இடம்தான். கேபிள் வயரில் 47 மெகாஹெர்ட்ஸிலிருந்து 862 மெகாஹெர்ட்ஸ் வரை அலைகளை அனுப்பலாம். ஒரு அனலாக் சேனலுக்கு அதில் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், எல்லாக் கருவியும் முதல் தரமாக இருந்தாலும் நூறை ஒட்டித்தான் சேனல் கொடுக்க முடியும். தெருவில் இருந்த ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் அந்த அகலம் முழுவதையும் தாங்காதவை. கிடைத்த இடத்திலும் எல்லாம் ஒன்றல்ல. பழைய டிவிகள் கீழ்வரிசைச் சேனல்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், அந்த இடங்களுக்குப் பெரும் போட்டி. நல்ல இடத்தில் தங்கள் சேனலை வைக்கச் சொல்லி ஒளிபரப்பாளர்கள் கேபிள் நிறுவனங்களுக்குப் பணம் கட்டினார்கள். அந்த நிறுவனங்களுக்கு ஒரு சேனல்மீது விருப்பம் இல்லாவிட்டால் அதை எட்டாத வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். படம் மங்கலாகத் தெரியும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு சேனலை வாழவைக்கவும் ஒடுக்கவும் தமிழ்நாட்டில் இந்த வரிசை மாற்றம் எத்தனை முறை பயன்பட்டது என்பதைச் செய்திகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அறிவார்கள்.

படத்தை எண்களாக்கினால், அதாவது டிஜிட்டலாக்கினால், இடம் மிச்சமாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். வெறுமனே எண்களாக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். சாதாரணத் தர டிவி படம் ஒன்றில் 720 புள்ளி அகலம், 576 புள்ளி உயரம், நொடிக்கு 25 படம். இதை அப்படியே எண்ணாக்கினால் நொடிக்கு சுமார் 16.6 கோடி பிட். ஒரு அனலாக் சேனல் குடியிருந்த 8 மெகாஹெர்ட்ஸில் டிஜிட்டல் முறையில் அனுப்ப முடிந்தது நொடிக்கு ஏறக்குறைய 3.8 கோடி பிட்தான். அதாவது, அனலாக்கில் ஒரு சேனல் இருந்த இடத்தில் கால் சேனல்கூட அடங்காது. பிறகு எப்படி அதே இடத்தில் பதினைந்து, இருபது சேனல் வந்தன?

விடை 1974 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரையில் இருக்கிறது. எழுதியவர்கள் நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ் மூவரும். நசீர் அகமது பெங்களூருவில் பிறந்து அங்கேயே பொறியியல் படித்தவர். ராவ் 1952இல் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். இருவரும் பிறகு அமெரிக்காவில் பேராசிரியர்கள் ஆனார்கள். இந்த யோசனையை ஆராய நசீர் அகமது அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டபோது, யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த எளிய யோசனைதான் இன்று உலகம் முழுக்க டிவி படத்தையும், நம் போனில் எடுக்கும் போட்டோவையும் சுருக்கித் தருகிறது. கிண்டியில் படித்த ஒருவரின் பெயர் நம் வீட்டு பாக்ஸுக்குள் இருக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் இருப்பது பெரிய குறை.

யோசனை இதுதான். படத்தை 8×8 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள், 64 எண்கள். அவற்றைக் கொசைன் சார்பு வழியாக வேறு 64 எண்களாக மாற்றுகிறார்கள். முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்லும். அடுத்தடுத்த எண்கள் அதிலுள்ள ஏற்ற இறக்கங்களைச் சொல்லும்: முதலில் பெரிய மாற்றங்கள், போகப் போக நுணுக்கமானவை. வானம், சுவர், கன்னம், வேட்டி என்று நாம் பார்க்கும் படங்களில் பெரும்பகுதி வழவழப்பானது. அதனால் பின்னால் வரும் எண்கள் அநேகமாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அவற்றை விட்டுவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. இத்துடன் இன்னொரு சிக்கனமும் சேர்கிறது. செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் இருக்கும் திரை அசைவதில்லை. ஆகவே அடுத்த படத்தில் எது மாறியதோ அதை மட்டும் அனுப்பினால் போதும். எம்பெக்-4 முறையில் இப்படிச் சுருக்கினால் ஒரு சேனல் நொடிக்கு 20 லட்சம் பிட் அளவிலேயே அடங்கிவிடும்.

கிரிக்கெட்டில் ஏன் புல்வெளி குழம்பிப்போகிறது என்பதும் இங்கேயே விளங்கும். கேமரா பந்தோடு ஓடும்போது, புல்லும் கூட்டமும் நொடிக்கு 25 முறை புதிதாகின்றன. விட்டுவிட எதுவும் இல்லை. ஒதுக்கிய பிட் போதாமல் கட்டங்கள் வெளியே தெரிகின்றன. விக்கெட் விழுந்த சத்தம் சில வீடுகளில் முன்னாலும் நம் வீட்டில் பின்னாலும் கேட்பதும் படத்தைச் சுருக்குவதால்தான். சுருக்கவும் விரிக்கவும் ஆகும் நேரம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. அனலாக்கில் அந்தத் தாமதம் இல்லை. சேனல் மாற்றினால் திரை ஒரு கணம் கறுப்பாவதும் அப்படித்தான்: மாற்றங்களை மட்டும் சொல்லும் படங்களை வைத்து பாக்ஸ் எதுவும் செய்ய முடியாது, அடுத்த முழுப் படம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இனி, கெடுகிற விதம். அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி பறக்கும், கோடு விழும், நிழல் உருவம் தெரியும். ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் ஒவ்வொரு 188 பைட் தகவலுடனும் 16 பைட் பாதுகாப்புத் தகவலைச் சேர்த்து அனுப்புகிறார்கள். ரீட், சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணிதவியலாளர்கள் 1960இல் தந்த முறை இது. வழியில் 8 பைட் வரை கெட்டுப்போனாலும் பாக்ஸ் அதைக் கணக்குப் போட்டு முழுதாகத் திருத்திவிடும். படத்தில் ஒரு குறையும் தெரியாது. ஒன்பதாவது பைட்டும் கெட்டால் திருத்தவே முடியாது. திரையில் சதுரம் சதுரமாகச் சிதறுகிறதே, அவை நான்கு 8×8 கட்டங்கள் சேர்ந்த தொகுதிகள். இன்னும் கொஞ்சம் கெட்டால் "சிக்னல் இல்லை" என்ற எழுத்து மட்டும்தான்.

"அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சுது, திடீர்னு போயிருச்சே" என்று கேபிள்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். திடீரென்று போகவில்லை. கம்பத்தில் தொங்கும் கனெக்டரில் தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்து, சிக்னல் நாள்கணக்கில் குறைந்துகொண்டே வந்திருக்கும். அந்தச் சரிவை பாக்ஸ் நம் கண்ணுக்குக் காட்டவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் சாவி கைமாறியது. அனலாக் கேபிள் தெருக்குழாய் மாதிரி. குழாய் வருகிற இடமெல்லாம் தண்ணீர் வரும், எத்தனை வீடு பிடிக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. கேபிள்காரர் சொன்ன இணைப்பு எண்ணிக்கைதான் கணக்கு. டிஜிட்டலில் படங்கள் பூட்டப்பட்டே வருகின்றன. பூட்டின் குறியீடு சில நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி எண் உண்டு. தலைமை நிலையத்திலிருந்து அந்த எண்ணுக்கு அனுமதி அனுப்பினால்தான் அது பூட்டைத் திறக்கும். அதனால்தான் நமக்கு வேண்டிய சேனலுக்கு மட்டும் பணம் கட்டும் முறையை டிராய் 2019இல் கொண்டுவர முடிந்தது. கணக்கும் வெளிப்படையானது. இது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சாவி ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்தை 2022 நவம்பரில் பார்த்தோம். மென்பொருள் சிக்கல் ஒன்றால் அரசு கேபிளின் லட்சக்கணக்கான பாக்ஸ்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. வயர் அறுபடவில்லை, ஆம்ப்ளிஃபயர் எரியவில்லை. அனலாக் காலத்தில் ஒரு தெருவில் கோளாறு என்றால் அந்தத் தெருவோடு போகும். ஊர்த் திருவிழாவையும் பள்ளி ஆண்டுவிழாவையும் காட்டிய உள்ளூர்ச் சேனல்களும் இந்த மாற்றத்தில் அடிபட்டன. மாடுலேட்டர் என்ற ஒரு கருவியை வைத்துக் கேபிள்காரர் தன் அறையிலேயே சேர்த்துவிட்ட சேனல், இப்போது நிறுவனத்தின் தலைமை நிலையம் வழியாகத்தான் வர வேண்டும். மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனம் பூட்டை இயக்கும் மென்பொருளுக்கு ஒரே ஒப்பந்தக்காரரை நம்பியிருக்கக் கூடாது. உள்ளூர்ச் சேனல்களுக்கு இடம் கொடுப்பதையும் தன் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து சேனல் அடங்கும் இடத்தில் ஊருக்கு ஒன்று ஒதுக்க இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல பாக்ஸ்களின் மெனுவில் சிக்னலின் வலிமை, தரம் என்று இரண்டு அளவு காட்டும் பக்கம் இருக்கும். படம் நன்றாகத் தெரியும் நாளில் அந்த இரண்டு எண்ணையும் குறித்து வையுங்கள். தரம் இறங்கிக்கொண்டே வந்தால், பாக்ஸுக்குப் பின்னால் உள்ள கனெக்டரைக் கையால் இறுக்கிப் பாருங்கள். அப்படியும் ஏறாவிட்டால் கேபிள்காரரைக் கூப்பிட்டு அந்த எண்ணைச் சொல்லுங்கள். பாக்ஸைக் கழற்றாமல், எந்தக் கம்பத்தில் ஏற வேண்டும் என்று அவர் நேராகத் தேடத் தொடங்குவார்.