நாணயத்தின் எழுத்தும் நாவின் நாணயமும்



மூதூரில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தேன். வயதான தாய் ஒருவர் தமது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "சுவாமி, இதைப் பாருங்கோ. அமெரிக்காவில காசில இருந்து ஆண்டவருடைய பெயரை எடுத்துப்போட்டாங்களாம். நம்மட வேதத்துக்கு எதிரான ஆக்கள்ட வேலைதான்" என்றார். பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர் கிடைக்கும் என்ற குறிப்பும் அச்செய்தியின் கீழே இருந்தது. அந்தத் தாய் ஏற்கெனவே எட்டுப் பேருக்கு அனுப்பிவிட்டார்.

அச்செய்தி புதிதன்று; 2007 ஆம் ஆண்டிலிருந்து உலகைச் சுற்றி வருவது. அவ்வாண்டு பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா, ஜோர்ஜ் வொஷிங்டனின் உருவம் தாங்கிய ஒரு டொலர் நாணயத்தை வெளியிட்டது. 'கடவுளில் நம்பிக்கை வைக்கிறோம்' என்ற பொருள்படும் அந்நாட்டின் இலட்சிய வாசகம் அதன் முகத்தில் இடம்பெறவில்லை, விளிம்பில் பொறிக்கப்பட்டிருந்தது. முகத்தை மட்டும் பார்த்த பலர் வாசகமே இல்லையென்று கூக்குரலிட்டனர். நாணயத்தைச் சற்றே திருப்பிப் பார்க்க அவர்களுக்குப் பொறுமை இல்லை.

இதனிடையே உண்மையான பிழை ஒன்றும் நேர்ந்தது. நாணயத்தின் இரு முகங்களையும் அச்சிட்ட பின்னர் விளிம்பில் எழுத்துப் பொறிப்பது வேறோர் இயந்திரத்தின் வேலை. ஒரு தொகுதி நாணயங்கள் அந்த இரண்டாவது இயந்திரத்தினுள் செல்லாமலே வங்கிகளைச் சென்றடைந்தன. அவற்றின் விளிம்பு வெறுமையாயிருந்தது. 2007 மார்ச்சில் நாணய அச்சகம் தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆயினும் மக்கள் அவற்றுக்குக் 'கடவுளற்ற டொலர்கள்' என்று பெயர் சூட்டினர். விளிம்பில் விடுபட்டது கடவுளின் பெயர் மட்டுமன்று. ஆண்டும், 'பலவற்றிலிருந்து ஒன்று' எனப் பொருள்படும் இலத்தீன் வாசகமும் விடுபட்டிருந்தன. கடவுளை அகற்ற நினைத்தவன் ஆண்டையும் அகற்றுவானேன்? இந்த எளிய கேள்வியைக் கேட்டிருந்தாலே வதந்தி அடங்கியிருக்கும். 2009 முதல் அவ்வாசகம் நாணயத்தின் முகத்துக்கே மாற்றப்பட்டுவிட்டது. வதந்தி மட்டும் நம் ஆலய முற்றம்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இது கிறிஸ்தவர் பலர் பக்தியின் பெயரால் பரப்பிய வதந்தி. கிறிஸ்தவரைப் பற்றிப் பிறர் பரப்பிய வதந்தியும் ஒன்று உண்டு. இந்தியாவில் 2005, 2006 ஆம் ஆண்டுகள் பொறிக்கப்பட்ட இரண்டு ரூபாய் நாணயத்தில், குறுக்காக வெட்டும் கோடுகளும் அவற்றுக்கிடையே நான்கு புள்ளிகளும் இருந்தன. நான்கு தலைகள் ஓருடலைப் பகிர்ந்து கொள்வதாக, வேற்றுமையில் ஒற்றுமையைக் குறிக்கும் வடிவம் அது என்று விளக்கம் தரப்பட்டது. ஆனால் அது சிலுவையென்றும், கிறிஸ்தவர்கள் சூழ்ச்சியாக நாட்டின் பணத்தில் நுழைத்த சின்னமென்றும் பேச்சுக் கிளம்பியது. ஒற்றுமைக்கென வரைந்த கோடுகளே பிரிவினைக்குக் கருவியாயின. அதைக் கேட்டு இந்தியக் கிறிஸ்தவர்களின் மனம் எவ்வளவு நொந்திருக்கும்! அந்த வலியை உணர்ந்து பார்த்தால், பிற சமயத்தாரைப் பற்றிய ஒரு செய்தியை நாம் அத்தனை எளிதாக அனுப்பிவிட மாட்டோம்.

வதந்தி காசோடு நிற்பதில்லை. நம் கிழக்கு மாகாணத்திலேயே, 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் பரிமாறிய உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருந்ததாகப் புரளி கிளம்பியது. ஓர் இரவுக்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அந்த உணவைப் பரிசோதித்தது. அதில் இருந்தது மாக்கட்டி. உண்மை வந்து சேர்ந்தபோது உடைந்தவை உடைந்தே கிடந்தன. கொட்டியாரக்குடாவின் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடைத்தெருவில் கொடுக்கல் வாங்கல் செய்து வாழ்கிறோம். 2006 ஓகஸ்டில் போரின் காரணமாக வீடுகளை விட்டு வெளியேறிய துயரமும் இரு சாராருக்கும் உரியது. இத்தகைய ஊரில், "அவர்களுடைய வேலைதான்" என்ற ஒரு சொல்லின் பாரத்தை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஆண்டவர் இயேசுவின் கையிலும் ஒருநாள் நாணயம் ஒன்று வைக்கப்பட்டது. சீசருக்கு வரி செலுத்துவது முறையா என்று கேட்டு, அவரைச் சொல்லில் சிக்கவைக்க வந்தனர் (மாற்கு 12:13-17). அவர்கள் கொண்டுவந்த தெனாரியம் பெரும்பாலும் திபேரியு மன்னனுடையதாக இருக்கலாம். அந்நாணயத்திலோ, அவன் தெய்வமாகிய அகுஸ்துவின் மகன் என்று எழுதியிருந்தது. யூதர் செவிக்கு அது தெய்வநிந்தனை. ஆயினும் இயேசு அந்த எழுத்தைக் காட்டி மக்களைக் கொதித்தெழச் செய்யவில்லை. அது யாருடைய உருவம், யாருடைய எழுத்து என்று அமைதியாகக் கேட்டார். சீசருடையதைச் சீசருக்கும் கடவுளுடையதைக் கடவுளுக்கும் செலுத்தச் சொன்னார். சீசரின் உருவம் வெள்ளியில் இருந்தது. கடவுளின் உருவம் எதில் இருக்கிறது? தொடக்கநூல் தரும் விடை, மனிதரில் என்பதே. காசில் கடவுளின் பெயரைக் காப்பதாக எண்ணி, அவருடைய உருவைத் தாங்கிய அயலவரின் பெயரைக் கெடுப்பது எவ்வகைப் பக்தி?

பணத்தில் இறைவனின் பெயரைப் பொறிப்பதே அவருக்கு மரியாதையாகாது என்று கருதிய கிறிஸ்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அவ்வாறு எண்ணியே 1907 இல் புதிய பொன் நாணயங்களில் அவ்வாசகத்தைச் சேர்க்காது விட்டார். மறு ஆண்டே நாடாளுமன்றம் அதை மீண்டும் சேர்க்கச் சட்டமியற்றியது. நாம் அன்றாடம் புழங்கும் இலங்கை நாணயத்தில் நாட்டின் பெயரும் பெறுமதியும் மும்மொழிகளில் உள்ளன. அதில் கடவுளின் பெயர் இல்லாததால் நம் விசுவாசம் குறைந்துவிடவில்லை.

எட்டாம் கட்டளை பொய்ச்சான்றை விலக்குகிறது. திருச்சபையின் மறைக்கல்வி (2477) இதை மேலும் விரித்துரைக்கிறது. போதிய ஆதாரமின்றி அயலவரின் குற்றத்தை மனத்துக்குள் உண்மையென ஏற்பதும் குற்றமே. ஆகவே, "நானா சொன்னேன், வந்ததை அனுப்பினேன்" என்ற சமாதானம் செல்லாது. பிறர் பெயருக்கு இழைத்த தீங்கை ஈடுசெய்யும் கடமையும் உண்டு (2487). களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது போலவே, பரப்பிய பொய்யைத் திருத்துவதும் நம் பொறுப்பாகும்.

தமிழில் 'நாணயம்' என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். அச்சகத்தில் பழுதான காசைச் சேகரிப்போர் கூடிய விலை கொடுத்தும் வாங்குவர். நாவில் பழுதான நாணயத்தை வாங்குவார் எவருமிலர்.

அன்று அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். மறு ஞாயிறு அவரே தேடி வந்தார். "எட்டுப் பேருக்கும் பிழையான செய்தி எண்டு சொல்லிப்போட்டன் சுவாமி. ரெண்டு பேர் கோவிச்சுக்கொண்டாங்க" என்றார். அவரது முகத்தில் வருத்தமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

அன்பானவர்களே, இவ்வாரம் உங்கள் கைக்கு வரும் செய்தியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள், விளிம்பையும் பாருங்கள். அனுப்பிய பின் பிழையென்று தெரிந்தால், அனுப்பிய அனைவரிடமும் சொல்லுங்கள். எம் நாவுகளைக் காத்தருளும், ஆண்டவரே. அயலவரில் உமது உருவைக் காணும் கண்களை எமக்குத் தாரும். ஆமென்.