உஷார்! சிடி4 நன்றாக இருக்கிறது என்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து மக்களே, ஒரு நிமிடம். ஹெச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தும், "சிடி4 அறுநூறு இருக்கு, உடம்புக்கு ஒண்ணும் இல்லை, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நாள் கடத்துவது உயிரோடு விளையாடுவது.

நம் மாவட்டம் இதை மறக்கவே கூடாது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. இருந்தது. சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் தன் நிலையை அறிந்தார். அறிந்ததும் தாமே முன்வந்து சொன்னார். 2016 முகாமில் ரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரிந்திருந்தும், தகவல் அவரிடம் போய்ச் சேரவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அந்த டிசம்பர் முடிவதற்குள் அவர் உயிரோடு இல்லை. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. மருந்தே இல்லாமல் இரண்டு வருடம், ரத்தம் கொடுக்கும் அளவுக்குத் தெம்பாக நடமாடியிருக்கிறார். வெளித்தோற்றத்தை வைத்து இந்தக் கிருமியை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால் ரத்தம் சொல்லுமா? சொல்லும், ஆனால் பாதிதான். நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1500 வரை இருப்பது இயல்பு. மருந்து எடுக்காவிட்டால் ஆண்டுக்குச் சுமார் 50 முதல் 100 வரை குறையும். சிலருக்கு மளமளவென்று சரியும். யாருக்கு எந்த வேகம் என்பதைச் சொல்வது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு. கண்மாயில் இன்று கிடக்கும் தண்ணீர் சிடி4 என்றால், மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்பது வைரல் லோடு. அமெரிக்காவில் ஜான் மெல்லர்ஸ் குழு 1996-இல் இதைத்தான் காட்டியது. கிருமி அதிகம் இருந்தவர்கள் சீக்கிரம் எய்ட்ஸ் நிலைக்குப் போனார்கள். டி-டைமர், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிக் குறிகள் கூடியிருந்தவர்களுக்கு மரண ஆபத்தும் கூடுதல் என்று பிறகு தெரிந்தது. அதற்காக இவற்றுக்கெல்லாம் தனியார் லேபில் பணத்தைக் கொட்ட வேண்டாம். எந்த எண் வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உடனே மாத்திரை தொடங்குவது.

சிடி4 எண்ணே நிலையானதும் அல்ல. காய்ச்சலில் எடுத்தால் குறைத்துக் காட்டும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றுகூட மாறும். ஒரே ஒரு சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தைரியமாக இருப்பவர்களை நினைத்துத்தான் பயம்.

அதிலும் பெரிய பயம் பழைய ஆட்களைப் பற்றி. 2017-க்கு முன்னால் சிடி4 ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. "எண்ணிக்கை நல்லா இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவைத்த காலம் அது. அப்படிப் போனவர்களில் திருப்பூருக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போய்த் திரும்பி வராதவர்கள் இருப்பார்கள். அந்த விதி இப்போது இல்லை! சிடி4 500-க்கு மேல் இருந்த 4,685 பேரை வைத்து நடந்த ஸ்டார்ட் ஆய்வு 2015-இல் பதில் சொல்லிவிட்டது. உடனே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடும் நோயும் மரணமும் 57 சதவீதம் குறைந்தன. 2017 முதல் இந்தியாவிலும் தொற்று உறுதியான எல்லாருக்கும், எண்ணிக்கை எதுவானாலும், கூட்டு மருந்து உண்டு. தள்ளிப்போட்டால் காசநோய் தொற்றிக்கொள்ளலாம்; அது சிடி4 இருநூறுக்கு இறங்கும் வரை காத்திருக்காது.

உங்கள் வீட்டில், தெருவில் அப்படி மாத்திரை தொடங்காதவர் யாராவது இருந்தால் இந்த வாரமே அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள். பரிசோதனை, மாத்திரை, வைரல் லோடு எல்லாமே இலவசம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் முடிவை வெளியே சொல்லக் கூடாது. ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தயங்கினால் முதலில் 1097-க்குப் போன் போட்டுப் பேசுங்கள், அதுவும் இலவசம். முகாமில் ரத்தம் கொடுக்கும் தம்பிகள் சரியான செல் நம்பரை எழுதிக்கொடுங்கள். நம்பர் மாறினால் ரத்த வங்கிக்குச் சொல்லுங்கள். முடிவு என்ன என்று நீங்களே கேளுங்கள்.