கணிப்பும் பழியும்

1950ஆம் ஆண்டு ஜூலை 16. ரியோ டி ஜெனிரோவில் அந்த உலகக் கோப்பைக்காகவே கட்டிய மரக்கானா மைதானத்தில் பிரேசிலும் உருகுவேயும் மோதின. டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் மட்டும் 1,73,850 பேர். மற்றவர்களையும் சேர்த்தால் கூட்டம் இரண்டு லட்சத்தைத் தொட்டிருக்கும் என்பது பொதுவான கணக்கு. ‘ஓ முண்டு’ என்ற பத்திரிகை பிரேசில் அணியின் படத்தைப் போட்டு, இவர்கள்தான் உலக சாம்பியன்கள் என்று ஆட்டத்துக்கு முன்பே அச்சடித்துவிட்டது. நகர மேயர் மைதானத்தில் பேசும்போது வீரர்களைச் சாம்பியன்களே என்று விளித்தார். வெற்றிப் பாடல் தயாராக இருந்தது. ஃபிஃபா தலைவர் ஜூல் ரிமேகூடப் பிரேசிலை வாழ்த்துவதற்குப் போர்ச்சுகீசிய மொழியில் ஓர் உரையை எழுதி வைத்திருந்தார். உருகுவே 2-1 என்று ஜெயித்தது. ரிமே அந்த உரையை வாசிக்கவில்லை. நெரிசலுக்கு நடுவில் உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலாவைத் தேடிப் பிடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தக் கதையை ஆணவம் அழிவைத் தரும் என்ற நீதிக்கதையாகவே எல்லோரும் சொல்லிவருகிறார்கள். அப்படிச் சொல்வது பிரேசில் ரசிகர்களுக்குச் செய்யும் அநியாயம். அன்று பிரேசில் ஜெயிக்கும் என்று கணித்ததில் ஒரு தப்பும் இல்லை. கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் நிதானமான எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். பிழை வேறு இடத்தில் இருந்தது. ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்பதற்கும் தோற்க வாய்ப்பே இல்லை என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை ஒரு தேசமே மறந்துபோனது. அந்தத் தூரத்தை மறக்கும்போது கணிப்பு மட்டும் பொய்க்காது, ஆட்டம் முடிந்தபின் ஒரு குற்றவாளியும் தேவைப்படுவான். பெரிய ஆட்டங்களுக்கு முன் ரசிகர்கள் சொல்லும் கணிப்புகளைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியது இதற்காகத்தான்.

அன்றைய ரசிகரின் இடத்தில் நின்று பார்ப்போம். அந்த உலகக் கோப்பையில் வழக்கமான இறுதிப் போட்டி கிடையாது. நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதி, அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கோப்பை. பிரேசில் ஸ்வீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் நசுக்கியிருந்தது. அதே ஸ்பெயினோடு உருகுவே 2-2 என்று டிரா; ஸ்வீடனைத் தட்டுத்தடுமாறி 3-2 என்று ஜெயித்தது. கடைசி ஆட்டத்தில் பிரேசிலுக்கு டிரா போதும். ஆட்டம் சொந்த ஊரில் வேறு. இத்தனையும் ஒரு பக்கம் சேர்ந்திருக்கும்போது யார்தான் உருகுவே பெயரைச் சொல்வார்கள்?

ஆனால் இன்னொரு தகவலும் எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் முன்பு, மே மாதத்தில், ரியோ பிராங்கோ கோப்பைக்காக இதே இரண்டு அணிகள் மூன்று முறை மோதியிருந்தன. மூன்றும் பிரேசில் மண்ணில்தான். முதல் ஆட்டத்தை உருகுவே 4-3 என்று ஜெயித்தது. அடுத்த இரண்டையும் பிரேசில் 3-2, 1-0 என்று எடுத்தது. மூன்றையும் கூட்டினால் பிரேசில் 7 கோல், உருகுவே 6. ஒவ்வொரு ஆட்டத்திலும் வித்தியாசம் ஒரே ஒரு கோல். ஸ்வீடனுக்குப் போட்ட ஏழு கோல் உருகுவேயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மே மாதத்து மூன்று ஆட்டங்கள் நிறையச் சொல்லின. ரசிகர் மனம் அண்மையில் நடந்ததையும் ஆரவாரமாக நடந்ததையும் பிடித்துக்கொள்ளும், அமைதியான சான்றைத் தள்ளி வைக்கும். அன்று நடந்தது அதுதான்.

உருகுவே முகாமிலேயே பலர் பிரேசில்தான் ஜெயிக்கும் என்று நம்பியிருந்தார்கள். பெரிய வித்தியாசத்தில் தோற்காமல் வந்தால் போதும் என்று அவர்களுடைய நிர்வாகிகளே வீரர்களிடம் சொன்னதாக அந்த ஆட்டத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பயிற்சியாளர் ஹுவான் லோபஸ் தற்காப்பாக ஆடச் சொன்னார். அவர் அறையை விட்டு வெளியே போனதும் வரேலா எழுந்து, நல்ல மனிதர்தான், ஆனால் இன்றைக்கு அவர் சொல்வது சரியில்லை, பின்வாங்கி ஆடினால் ஸ்பெயினுக்கும் ஸ்வீடனுக்கும் நேர்ந்த கதிதான் நமக்கும் என்றார். எனக்கு இந்தப் பேச்சு வீராவேசமாகப் படவில்லை. எதிரணியை நேரில் ஆடிப் பார்த்தவர்கள் போடும் கணக்காகவே படுகிறது. இடைவேளை முடிந்த இரண்டாவது நிமிடத்தில் ஃபிரியாசா பிரேசிலுக்கு முதல் கோல் அடித்தார். மைதானம் அதிர்ந்துகொண்டிருந்தபோது வரேலா பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆஃப்சைடு என்று நடுவரோடு நின்று நிதானமாக வாதாடினார். கோல் ரத்தாகாது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கூட்டத்தின் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

கால்பந்தில் கணிப்பு ஏன் இவ்வளவு அடிக்கடி பொய்க்கிறது என்பதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கோல் மிக அபூர்வமாக விழும் பொருள். 2022 உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் மொத்தம் 172 கோல்கள். ஓர் ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. கூடைப்பந்தில் ஒரு தற்செயல் நூறு புள்ளிகளுக்கு நடுவே கரைந்துபோகும், கால்பந்தில் அதே தற்செயல்தான் முடிவாக நிற்கும். ஓர் அணி சராசரியாக ஆட்டத்துக்கு இரண்டு கோலும் எதிரணி ஒரு கோலும் போடக்கூடியவை என்று வைத்துக்கொள்வோம். அதாவது முதல் அணி இரண்டு மடங்கு வலிமை. நிகழ்தகவுக் கணிதத்தில் இத்தகைய அபூர்வ நிகழ்வுகளுக்கென்றே இருக்கும் பாய்சான் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், வலிய அணி 100 ஆட்டத்தில் 61இல் ஜெயிக்கும், 21 டிராவாகும், 18இல் எளிய அணி ஜெயிக்கும். பிரேசிலை உருகுவேயின் இரண்டு மடங்கு என்று மதித்து (மே மாதத்து 7-6ஐப் பார்த்தால் இது மிகவும் தாராளமான மதிப்பு), டிரா போதும் என்ற சலுகையையும் கொடுத்தால்கூட, கோப்பை கைநழுவ 18 சதவீத வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. பகடையை ஒரு தடவை உருட்டி ஆறு விழுவதைவிட அது சற்றே அதிகம். பகடையில் ஆறு விழுந்தால் யாரும் அதிர்ச்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொள்வதில்லை.

சரியான ஸ்கோரைச் சொல்லும் பந்தயங்களின் நிலைமை இன்னும் மோசம். மேலே சொன்ன அதே கணக்கில் 1-0, 2-0, 2-1, 1-1 ஆகிய நான்கு ஸ்கோர்களுக்கும் ஏறத்தாழப் பத்துப் பத்து சதவீதம்தான் வாய்ப்பு. எல்லாம் அறிந்த ஒருவர் மிகச் சிறந்த ஸ்கோரைத் தேர்ந்தெடுத்தாலும் பத்தில் ஒன்பது முறை தோற்பார். 2010 உலகக் கோப்பையின்போது ஜெர்மனியின் ஓபர்ஹௌசன் நகரத்து ஆக்டோபஸ் பால் எட்டு ஆட்டங்களில் எட்டிலும் ஜெயிக்கும் அணியைச் சரியாகச் சொல்லி உலகப் புகழ் பெற்றது. அதே சமயம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், நம்முடைய கிளி ஜோசியக் கிளியான மணி, காலிறுதி நான்கையும் சரியாக எடுத்துக் கொடுத்து, இறுதிப் போட்டிக்கு நெதர்லாந்துச் சீட்டை எடுத்தது. ஸ்பெயின் ஜெயித்ததும் மணியை உலகம் மறந்தது. நாணயம் சுண்டி எட்டு முறை சரியாகச் சொல்ல 256இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஜெயித்த ஜோசியரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் ரசிகர் கூட்டத்திலும் அப்படியே இருக்கிறது: போன தடவை ஸ்கோரைச் சரியாகச் சொன்னவர் இந்தத் தடவையும் நிபுணர் ஆகிவிடுகிறார்.

தனி ரசிகர் தவறலாம், ஆனால் லட்சம் பேர் சேர்ந்து சொன்னால் அதில் உண்மை இருக்காதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் கால்நடைச் சந்தையில் ஒரு மாட்டின் இறைச்சி எடை எவ்வளவு தேறும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. பிரான்சிஸ் கால்டன் 787 சீட்டுகளை வாங்கிக் கணக்கிட்டதில், நடு மதிப்பு 1,207 பவுண்டு வந்தது. உண்மை எடை 1,198. கூட்டத்தின் அறிவு அங்கே அசத்தியது. ஆனால் சந்தையில் சீட்டு வாங்கியவர்களில் மாடு கனமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் யாரும் இல்லை. ஒருவர் கூட்டிச் சொன்னால் இன்னொருவர் குறைத்துச் சொன்னார், பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. மரக்கானா கூட்டத்துக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் ஒரே செய்திகளைப் படித்து, ஒரே பாட்டைக் கேட்டு, ஒரே முடிவை விரும்பினார்கள். எல்லோருடைய பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு லட்சம் கணிப்பு என்பது ஒரே கணிப்பை இரண்டு லட்சம் தடவை சொன்னதுதான்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் மட்டும் என்ன கிழித்துவிட்டார்கள்? 2014 ஜூலை 8, பெலோ ஹொரிசோன்டேயில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதிக்கு முன், அமெரிக்காவின் ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் ஜெர்மனிக்கு எதிராகப் பிரேசில் ஜெயிக்க 65 சதவீத வாய்ப்பு என்றது. முதுகெலும்பு முறிந்து நெய்மார் இல்லை, மஞ்சள் அட்டைகளால் கேப்டன் தியாகோ சில்வா இல்லை. 29 நிமிடத்துக்குள் ஜெர்மனி ஐந்து கோல் போட்டது, முடிவு 7-1. அந்தக் கணக்கு அன்று படுதோல்வி அடைந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. இல்லாத இரண்டு வீரர்களின் எடையை அது போதுமான அளவு பிடிக்கவில்லை என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் 65 என்று சொன்ன கையோடு அது 35ஐ எதிர்ப்பக்கத்தில் வைத்திருந்தது. தன் பிழைக்கு ஓர் அளவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது. அதனால் அதைத் திருத்த முடியும். நிச்சயம் ஜெயிப்போம் என்று சொன்னவரின் கணிப்பைத் திருத்த வழி கிடையாது. 2022 நவம்பர் 22இல், 36 ஆட்டமாகத் தோற்காத அர்ஜென்டினாவை, தரவரிசையில் 51ஆம் இடத்தில் இருந்த சவூதி அரேபியா 2-1 என்று வென்றது. முதல் பாதியில் அர்ஜென்டினா போட்ட மூன்று கோல்கள் ஆஃப்சைடாகப் போயின. சில அங்குலங்கள் மாறியிருந்தால் ஆட்டமே வேறு. அந்த அர்ஜென்டினாதான் அடுத்த மாதம் கோப்பையைத் தூக்கியது. அர்ஜென்டினா வலுவான அணி என்ற கணிப்பு அன்று தோற்றது, ஆனால் பொய்யாகவில்லை.

மரக்கானாவின் 66ஆவது நிமிடத்துக்கு வருவோம். உருகுவேயின் வலது விங்கர் அல்சிதேஸ் கிஜ்ஜியா, தன்னைத் தடுக்க வந்த பிகோஜியைக் கடந்து கோடு வரை ஓடி, பந்தை உள்ளே தள்ளினார். ஹுவான் ஸ்கியாஃபினோ அதை வலைக்குள் அடித்தார். 1-1. பதின்மூன்று நிமிடம் கழித்து அதே கிஜ்ஜியா, அதே பக்கம், அதே பிகோஜியைத் தாண்டி வருகிறார். கோல்கீப்பர் மோசிர் பார்போசாவுக்குக் கிடைத்தது ஒரு நொடி. போன தடவை நடந்ததை வைத்து, பந்து குறுக்கே உள்ளே வரும் என்று கணித்து, அருகிலிருந்த கம்பத்தை விட்டு ஓர் அடி நகர்ந்தார். கிஜ்ஜியா அந்த இடைவெளிக்குள் தாழ்வாக அடித்தார். பார்போசா செய்ததும் ஒரு கணிப்புதான். கையில் இருந்த சான்று அதைத்தான் சொன்னது. எந்தப் பயிற்சியாளரும் அந்த நொடியில் அப்படித்தான் நகரச் சொல்லியிருப்பார். மைதானத்தில் இருந்த இரண்டு லட்சம் பேரின் கணிப்பைவிட அது நியாயமானது. தோல்வியின் பாரம் முழுக்க அந்த ஓர் அடியின் மேல் ஏற்றப்பட்டது.

பிரேசில் தோற்க வாய்ப்பே இல்லை என்று முடிவு கட்டியவர்களுக்கு வேறு வழி இல்லை. 18 சதவீதம் என்று ஒன்று இருந்ததை ஒப்புக்கொண்டால், அந்த 18 அன்று வந்தது என்று சொல்லி அழுதுவிட்டு எழுந்திருக்கலாம். பூஜ்யம் என்று நம்பியிருந்தால், நடக்க முடியாதது எப்படி நடந்தது என்று கேட்க வேண்டிவரும். அந்தக் கேள்விக்கு ஒரு மனிதனின் பெயர்தான் பதிலாக வரும். பார்போசா, பிகோஜி, தடுப்பாட்டக்காரர் ஜுவெனல் ஆகிய மூவர் மீதும் பழி விழுந்தது. மூவரும் கறுப்பினத்தவர் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பிரேசிலில் அதிகபட்சத் தண்டனை முப்பது ஆண்டு, தான் செய்யாத குற்றத்துக்கு அதைவிட அதிகம் அனுபவித்துவிட்டேன் என்று பார்போசா முதுமையில் சொன்னார். 2000ஆம் ஆண்டு இறந்தார்.

ரசிகரின் கணிப்பு கணக்கல்ல, பிரியம். தன் அணி ஜெயிக்க 61 சதவீத வாய்ப்பு என்று சொல்பவர் ரசிகரே இல்லை என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. அதில் உண்மை இருக்கிறது. பிரியம் இல்லாமல் மரக்கானாவை நிரப்ப முடியாது. ஆனால் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதும், ஜெயித்தாயிற்று என்று நம்புவதும் ஒன்றல்ல. முதலாவதில் வீரர் நம் ஆசையைச் சுமக்கிறார். இரண்டாவதில் அவர் ஏற்கெனவே நமக்குக் கடன்பட்டவர் ஆகிவிடுகிறார். 1993 செப்டம்பரில் கொலம்பியா புவனோஸ் ஐரிஸிலேயே அர்ஜென்டினாவை 5-0 என்று வென்றது. பெலேயே அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்கு அவர்களைத்தான் முன்னிறுத்தினார். 1994இல் ருமேனியாவிடம் 1-3, அமெரிக்காவிடம் 1-2. இரண்டாவது ஆட்டத்தில் ஆந்த்ரெஸ் எஸ்கோபார் குறுக்கே வந்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார், அது சொந்த வலைக்குள் போனது. பத்து நாளில் மெதெயின் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கொலையின் காரணம் பற்றி இன்றும் சர்ச்சை உண்டு. அந்த ஒரு கோலுக்காக அவர் வசைபாடப்பட்டார் என்பதில் சர்ச்சை இல்லை.

பிரேசிலில் அந்த ஜூலை மாலையின் நிழல் எவ்வளவு நீளம் என்பதைக் கோல்கீப்பர்கள் பட்டியலில் பார்க்கலாம். 1966இல் மாங்கா ஓர் ஆட்டத்தில் மட்டும் நின்றார். மற்றபடி, பார்போசாவுக்குப் பிறகு ஒரு கறுப்பினக் கோல்கீப்பரை உலகக் கோப்பையில் முதல் தேர்வாக நிறுத்த பிரேசிலுக்கு 56 ஆண்டுகள் ஆயின. 2006இல், ஜெர்மனியில், தீதா.